பைப்புக்குள் வேன் சாவி

அன்புள்ள வாலுக்கு,

இந்த வரியை எழுதும் நிமிடம் வரை நானும் உன் அம்மாவும் நலம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். "நிமிடம் வரை" என்று ஏன் போட்டேன் என்று உனக்கு உடனே மூக்கு வியர்த்திருக்கும். போனை எடுக்காதே, முதலில் கடைசி வரி வரைக்கும் படி. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். நம் வீட்டு போன் லட்சணம் உனக்குத் தெரியாததா, உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் என்னைப் பேசவிடுவாள், நான் ஒரு வார்த்தை கூடச் சொன்னால் பிடுங்கிக்கொண்டு அங்கே மழையா வெயிலா என்று ஆரம்பித்துவிடுவாள். இதை உன்னிடம் சொன்னால் என்னோடு பேசவே மாட்டேன் என்று வேறு சொல்லியிருக்கிறாள். பேசாமல் இருந்தால் கொஞ்ச நாள் காது குளிரட்டும் என்றுதான் துணிந்து எழுதுகிறேன். இப்போது உள்ளறையில் அலமாரியைத் திறந்து மூடும் சத்தம் கேட்கிறது. வேன் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறாள். சாவி எங்கே என்று எனக்குத் தெரியும், அதையும் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை காலை லாண்டரிக்குப் பக்கத்து இறக்கத்தில் பள்ளிக்கூட வேன் இறங்கிக்கொண்டிருந்தபோது உன் அம்மா ஸ்டியரிங் மேல் அப்படியே சாய்ந்துவிட்டாள். உள்ளே பதினோரு பிள்ளைகள். வண்டியில் கூடவே போய்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா முன் சீட்டில் பக்கத்தில் இருந்ததால் எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டாள். லாண்டரிச் சுவருக்கும் வண்டிக்கும் ஒரு கை நீளம்தான் இடைவெளி, நானே போய்ப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை, ஒருத்தனுடைய சாப்பாட்டு டப்பா மட்டும் கவிழ்ந்தது. வேன் ஆன்ட்டி தூங்கிட்டாங்க என்று அவர்களுக்குள் ஒரே சிரிப்பாம். நான் இரண்டு தெரு தள்ளி ஒரு மொட்டை மாடியில் தொட்டிக்கு வால்வு மாற்றிக்கொண்டிருந்தேன். லாண்டரிக்காரர் போன் செய்ததும் குழாயைத் திறந்துபோட்டபடியே ஓடினேன், அந்த வீட்டுக்காரர் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார். போய்ப் பார்த்தால் உன் அம்மா உடம்பெல்லாம் வேர்த்துத் தொப்பலாக, உதடு வெளுத்து, நான் யார் என்றே தெரியாதவள் மாதிரி என்னைப் பார்த்தாள். லாண்டரிக்காரர் கொடுத்த தண்ணீரில், அவள் பையில் இருந்த, நீ அனுப்பிய குளுக்கோஸை ஒரு கை அள்ளிப் போட்டுக் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, என்ன கூட்டம் இங்கே, பிள்ளைகளுக்கு மணியடித்துவிடும் என்றாள். அவளை ஆட்டோவில் ஏற்றுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வேனை வழக்கமாகப் பழுதுபார்க்கும் மெக்கானிக் வந்து வண்டியை ஓட்டிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டார்.

வீட்டுக்கு வந்து மதியத்துக்குள் மறுபடியும் அதே நடுக்கம், அதே வேர்வை. மறுபடியும் குளுக்கோஸ் கொடுத்தேன், சாயங்காலம் மறுபடியும். இது இன்று நேற்று வந்ததில்லை, பல மாதமாகவே காலையில் கை நடுங்குகிறது, படபடப்பாக இருக்கிறது என்பாள். உனக்கே தெரியும், நீதானே பயந்துபோய்ப் பார்சல் பார்சலாக ஆரஞ்சு குளுக்கோஸ் அனுப்பினாய். ஒரு தடவை நடுக்கத்தின்போது எதிர்வீட்டு டீச்சர் தன் மிஷினில் குத்திப் பார்த்து சர்க்கரை குறைந்திருக்கிறது என்று சொன்னார். லேபில் போய் வெறும் வயிற்றில் எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஒரு டாக்டர் வயசுக்கோளாறு என்றார், இன்னொருத்தர் மனசுக்கோளாறு என்றார். நான் பைப்புக்காரன், என் புத்தி எப்படிப் போகும். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டாரைப் போடு, அவ்வளவுதான். சர்க்கரை குறைகிறதா, முதலிலேயே ரொப்பி வை. அதனால் வண்டி எடுப்பதற்கு முன் தினமும் நானே பாலில் நாலு கரண்டி சர்க்கரை போட்டு ஆற்றிக் கொடுத்தேன், கையில் ஒரு பாட்டில் ஜூஸும் கொடுத்தனுப்பினேன். அவளும் சமர்த்தாகக் குடித்துவிட்டுப் போனாள், பசி இல்லை என்று தட்டை மட்டும் ஒதுக்கிவிடுவாள். குடிக்கவாவது செய்கிறாளே என்று நானும் விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று நாள் லீவு, அதில் ஒரு நல்ல காரியம் நடந்தது. சண்டை போட்டு, சாமான் சட்டி உருட்டி, கடைசியில் அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஹார்மோன் டாக்டரிடம் கொண்டுபோனேன். உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. நிதானமான பெண். உன் அம்மா பயம், பலவீனம், கண் திருஷ்டி என்று எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு வருதும்மா" என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் என்றதும், வயிற்றில் ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன் புண் ஆறாமல் இரைப்பையின் கீழ்ப்பாதியை எடுத்தார்களே, அதைச் சொன்னேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நாம் யாரும் யோசிக்கவே இல்லையே.

சனிக்கிழமை சோதனை வைத்தார்கள். இனிப்பாக ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, அரை மணிக்கு ஒரு தரம் ரத்தம் எடுப்பார்கள். முதலில் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது, பார்த்தீங்களா எனக்கு ஒன்றுமே இல்லை என்று என்னைப் பார்த்து அவளுக்கு ஒரு நக்கல் சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நின்றது. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தாள், துடைத்த இடம் திரும்ப நனைந்தது. விரல் நடுங்கியது. என்னை வேறு யாருடைய பெயரையோ சொல்லிக் கூப்பிட்டாள். என் சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருந்தது, எடுத்துக்கொண்டு எழுந்தேன், நர்ஸ் என் கையைப் பிடித்து, "சார், இன்னொரு ரத்தம் எடுத்துக்கறோம், நாங்க இருக்கோம்ல" என்று உட்கார வைத்தாள். வாலு, பெண்டாட்டி கண்ணெதிரே சரிகிறாள், மருந்து என் கையில் இருக்கிறது, கொடுக்கக் கூடாது. அந்தக் கொஞ்ச நேரம் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ரத்தம் எடுத்த கையோடு அவர்களே அளவாகக் கொஞ்சம் குளுக்கோஸ் கொடுத்து, அது பிடித்ததும் ஒரு முட்டையும் காய்ந்த ரொட்டியும் சாப்பிட வைத்தார்கள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

டாக்டர் பெண் எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள். இரைப்பை என்பது தொட்டி, அதன் அடியில் ஒரு வால்வு, சாப்பிட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்கு விடும். உன் அம்மாவுக்கு ஆபரேஷனில் அந்த வால்வு போய்விட்டது. திடமாகச் சாப்பிட்டால் மெதுவாக இறங்கும், இனிப்புத் தண்ணீராகக் குடித்தால் மொத்தமும் ஒரே பாய்ச்சலாகக் குடலில் விழுகிறது. குடல் சும்மா ஒரு குழாய் இல்லையாம். சாப்பாடு வந்ததும் அதுவே சில ஹார்மோன்களைச் சுரந்து ரத்தத்தில் அனுப்புமாம், ஒரு பக்கம் மூளைக்கு, போதும் பசியை நிறுத்து என்று சொல்லும், இன்னொரு பக்கம் கணையத்துக்கு, சர்க்கரை வருகிறது இன்சுலினை விடு என்று சொல்லும். நமக்கெல்லாம் அது அளவோடு நடக்கிறது. இவளுக்குக் குடல் ஏதோ கல்யாணச் சாப்பாடே வந்திறங்கிவிட்டது என்று பதறி ஹார்மோனை அள்ளிக் கொட்டுகிறது, கணையமும் அதை நம்பி இன்சுலினைக் கொட்டுகிறது. குடித்த சர்க்கரை தீர்ந்துபோகும், இன்சுலின் மட்டும் நின்று வேலை செய்யும், ஆளைக் கீழே தள்ளும். பசி செத்துப்போனதற்கும் அதே ஹார்மோன்தான் காரணமாம். நான் பாசமாக ஆற்றிக் கொடுத்த பாலும், நீ பாசமாக அனுப்பிய ஆரஞ்சுத் தூளும்தான் அவளை அந்த இறக்கத்தில் சாய்த்திருக்கிறது. மயக்கம் வந்துவிட்டால் கொஞ்சம் குளுக்கோஸ் வேண்டும்தான், உடனே திடமாக ஏதாவது சாப்பிட வேண்டும், ஆனால் வராமல் இருக்க முன்கூட்டியே ரொப்புகிறோமே, அதுதான் தப்பு. இனி சிறுகச் சிறுகச் சாப்பாடு, முட்டை, பயறு, மீன், காய், சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது, இனிப்புத் தண்ணீர் கிடையவே கிடையாது. தேவைப்பட்டால் மாத்திரை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, தான் சொல்லும் வரை உன் அம்மா வண்டி ஓட்டக் கூடாது என்றாள்.

அங்கேதான் பிடித்தது சனியன். வெளியே வந்ததும் உன் அம்மா, "காரணம் தெரிஞ்சிடுச்சுல்ல, இனிமே நான் ஜூஸ் குடிக்க மாட்டேன், குடிக்கலேன்னா மயக்கம் வராது, திங்கக்கிழமை வண்டி எடுப்பேன்" என்கிறாள். சொல்வது நியாயம் மாதிரியே இருக்கும், அதுதான் அவளிடம் ஆபத்து. பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா, காலையில் சாப்பிடாமல் வந்ததால் லேசாகத் தலைசுற்றியது என்று பூசி மெழுகியிருக்கிறாள். ஒரு வாரம் வண்டியை விட்டால் அந்தத் தடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம், இந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் அவள் வண்டியில் பல் முளைத்துப் பல் விழுந்தவர்களாம். எனக்கும் தெரியாதா, அந்த வண்டிதான் அவளுக்கு மூச்சு. ஆனால் பின்னால் உட்கார்ந்திருப்பது ஊரார் பெற்ற பிள்ளைகள். அதனால் நேற்று அவள் குளிக்கப் போன நேரம் சாவியை எடுத்து ஒரு துண்டு பைப்புக்குள் போட்டு, இரண்டு பக்கமும் மூடி போட்டுத் திருகி, என் கருவிப் பையில் மற்ற சாமானோடு போட்டுவிட்டேன். முப்பது வருஷத் தொழில் எதற்கெல்லாம் உதவுகிறது பார்.

இன்று காலை உன் அம்மா கறிகாய் வாங்கப் போயிருந்தபோது ஆயா வந்தாள். உட்காரச் சொன்னால் உட்காராமல் வாசலிலேயே நின்று அழுதாள். நீ சாமர்த்தியமாகப் பிரேக் போட்டாய் தாயி, உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். "எனக்கு சைக்கிளே தெரியாது சார், அக்காதான் போன மாசம் வண்டியை நிறுத்திவெச்சு, எனக்குத் திடீர்னு ஏதாவது ஆச்சுன்னா நீ இதைப் பிடிச்சு இழுன்னு சொல்லி, கை பழகுற வரைக்கும் இழுக்க வெச்சாங்க, வீட்ல சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க" என்றாள். அப்படியென்றால் உன் அம்மாவுக்குத் தெரியும். வண்டியிலேயே ஒரு நாள் விழுவோம் என்று தெரிந்தே தினமும் பிள்ளைகளை ஏற்றியிருக்கிறாள். அவள் மேல் எனக்கு இவ்வளவு கோபம் எப்போதும் வந்ததில்லை, இவ்வளவு பயமும் வந்ததில்லை. கத்தப் போகிறேன் என்று தெரிந்துதான் கத்தாமல் இந்தக் கடிதத்தை எடுத்துவைத்தேன்.

வந்துவிட்டாள், கொஞ்சம் பொறு.

இப்போது சாயங்காலம், விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். உன் அம்மா நேராக என் கருவிப் பையிடம் போனாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த ஒரு பைப்பை எடுத்தாள், ஆட்டிப் பார்த்தாள், கலகலவென்றது. "ரெண்டு பக்கமும் மூடி போட்ட பைப்பை எவன் பையில வெச்சிருப்பான், ஒளிக்கவும் தெரியல உங்களுக்கு" என்று என் குறட்டாலேயே மூடியைத் திருகிச் சாவியை எடுத்துவிட்டாள். நான் வாசலை மறித்து நின்றேன். ஆயா எல்லாம் சொல்லிவிட்டாள் என்றேன், அவ்வளவுதான் சொன்னேன். அவள் முகத்தில் வெடித்துக்கொண்டிருந்த எள்ளும் கொள்ளும் அப்படியே அடங்கிவிட்டது. அப்புறம் மெதுவாக, "நான் இல்லாட்டியும் வண்டி நிக்கணும்னுதான் நினைச்சேன், நான் ஓட்டாம இருக்கணும்னு தோணவே இல்லீங்க" என்றாள். சொல்லிவிட்டு என்னைத் தாண்டி வேனுக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். டிரைவர் கதவைத் திறந்தாள், ஏறவில்லை. கால் எட்டாது என்று சீட்டில் போட்டு உட்காருவாளே ஒரு பழைய மெத்தை, நீகூடக் கிண்டல் செய்வாயே, அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். சீட்டுக்கு அடியிலிருந்து பாதி குடித்த ஜூஸ் பாட்டிலை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள். வீட்டுக்குள் வந்து, பள்ளிக்கூடத்தில் வண்டிகளைக் கவனிக்கும் மேனேஜருக்குப் போன் போட்டாள், வழக்கம்போல ஸ்பீக்கரில்தான். ஓட்டும்போது எனக்கு நினைவு தப்பிவிட்டது, டாக்டர் சொல்லும் வரை ஓட்ட மாட்டேன், தடத்தை யாருக்குக் கொடுப்பதானாலும் கொடுங்கள் என்று குரல் நடுங்காமல் சொல்லி முடித்தாள். நாளைக்கு மெக்கானிக் ஓட்டுகிறார். எந்தப் பிள்ளை எந்த வாசலில் நிற்கும் என்று அவருக்குத் தெரியாது என்பதால் இவள் பின் சீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து போய் வழி சொல்லப்போகிறாளாம்.

அந்த மெத்தையைச் சமையலறை நாற்காலியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து இப்போது முட்டை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். பசி இல்லை, கடமைக்குச் சாப்பிடுகிறேன் என்கிறாள். கண்ணைத் துடைத்துக்கொண்டால் நான் பார்க்காதது மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ பயந்து லீவு போட்டு ஓடி வராதே, அடுத்த சோதனைக்குப் பிறகு சொல்கிறேன், அப்போது வா. குளுக்கோஸ் பார்சல் இனிமேல் வேண்டாம் கண்ணு, அனுப்பினால் எதிர்வீட்டு டீச்சருக்குக் கொடுத்துவிடுவேன். நீயும் வேலை வேலை என்று காலையில் ஜூஸை மட்டும் குடித்துவிட்டு ஓடாதே, உட்கார்ந்து சாப்பிடு. எங்கள் இரண்டு பேருடைய ஆயுளையும் சேர்த்து வைத்துக்கொண்டு நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். உனக்குத்தான் எழுதுகிறேன் என்று கண்டுபிடித்துவிட்டாள். எல்லாம் எழுதிக்கோங்க, அந்தப் பிரேக் விஷயத்தை மட்டும் அவளுக்கு எழுதிடாதீங்க, அம்மாவைப் பத்தி என்ன நினைப்பா என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்த இடத்தை அடிக்கலாம் என்று பேனாவையும் கொண்டுபோனேன், மனசு வரவில்லை. அவள் அடுத்த தடவை போனில் எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னால், அதை அப்படியே நம்பிவிடாத ஆள் இந்த வீட்டில் என்னைத் தவிர இன்னொருத்தர் வேண்டும். நீ படித்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

உன்
அப்பா