கல்லும் ஹேண்ட் பிரேக்கும்

வாசலில் காப்பிக்கொட்டை காயப்போடும் சாக்கின் மேல் ஒரு கம்பி கிடக்கிறது. நம் பழைய பிக்கப்பின் அடியிலிருந்து நேற்று கழற்றிப் போட்டது. கறுப்பு உறைக்குள் ஓடும் ஹேண்ட் பிரேக் கம்பி. உறை வெடித்த இடத்தில் துரு பொடிப்பொடியாக உதிர்கிறது. காலையிலிருந்து அதைத் தாண்டித் தாண்டிப் போய் வருகிறேன். எடுத்து எறிய மனம் வரவில்லை. நீங்கள் இருந்தால் இந்நேரம் துடைத்து, எதற்காவது ஆகும் என்று பரணில் செருகியிருப்பீர்கள்.

நீங்கள் வண்டியை நிறுத்தும் அழகு எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. நம் வாசலோ சரிவு. கீழே உங்கள் தம்பி வீடு, அந்த வீட்டுப் பிள்ளைகள் பொழுதெல்லாம் அங்கேதான் விளையாடும். நீங்கள் கியரில் போட்டுவிட்டு இறங்கி, பின் சக்கரத்துக்கு உங்கள் கல்லை முட்டுக் கொடுத்து, காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவீர்கள். அந்தக் கல்லுக்கு இருந்த மரியாதை இந்த வீட்டில் எனக்கு இருந்ததில்லை. நம் ஊர் செம்மநத்தத்தில் எல்லா வண்டிக்காரர்களும் அப்படித்தான். ஹேண்ட் பிரேக் போட்டால் என்னவாம் என்று ஒருமுறை கேட்டேன். "கல்லு இருக்குதல்ல புள்ள" என்றீர்கள். அதற்கு மேல் நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆம்பளைகளின் வீம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஐப்பசி மழையில் கல்லுக்கு அடியில் மண் கரைந்து, வண்டி ஒரு சாண் இறங்கி நின்றது. நீங்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு கல்லைச் சேர்த்து வைத்தீர்கள். நான் கீழே விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தேன். அன்றிலிருந்து, சாயங்காலம் நீங்கள் குளிக்கப் போனதும் நான் சத்தமில்லாமல் போய் ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டு வருவேன். விடிந்ததும் உங்களுக்குத் தண்ணீர் பாட்டில் வைக்கிற சாக்கில் ஏறி அதை இறக்கிவிடுவேன். சொன்னால் கத்துவீர்கள். "வண்டியில ஒருத்தர் கைதான் படோணும்" என்பது உங்கள் சட்டம். பயத்துக்குச் செய்ததுதான். ஆனால் உங்களை ஏமாற்றுகிறோம் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷமும் இருந்தது. அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் வண்டியில் கருகல் வாசம் வர ஆரம்பித்தது. காலையில் வண்டி மந்தமாகக் கிளம்புகிறது, ஏற்காடு தாண்டி வளைவுகளில் இறங்கும்போது பிரேக் கருகுகிறது என்றீர்கள். இடது பின் சக்கரம்தான் அதிகம் சுடுகிறது என்றும் சொன்னீர்கள். அடிவாரத்துப் பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் அந்தச் சக்கரம் தடங்கலில்லாமல் சுற்றும். லைனிங் மாற்றினார்கள், சிலிண்டர் மாற்றினார்கள், ஆயில் போகிற ஹோஸ் மாற்றினார்கள். வாசம் போகவில்லை. ஹேண்ட் பிரேக் எப்படி என்று பட்டறைக்காரர் கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். "அதை நான் தொடறதே இல்லீங்க" என்றீர்கள். அவர் அதோடு அதை விட்டுவிட்டார். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவர் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் ஓட்டுகிறீர்கள் என்று. கால் வைத்தால் நாலு சக்கரமும் ஒன்றாகச் சுட வேண்டாமா என்று நீங்கள் கேட்டீர்கள். மலை இறங்கின வண்டிக்கு நாலும்தான் சுடும் என்றார். நீங்கள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி!

ஊருக்குள் பேச்சு பரவிவிட்டது. நானும் என் பங்குக்கு உங்கள் சர்க்கரை வியாதியைக் கொண்டு வந்தேன். சர்க்கரைக்காரர்களுக்குப் பாதம் மரத்துப்போகும், மிதிப்பதே தெரியாது என்று டாக்டர் சொன்னதைச் சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஓதினேன். இனி ஓட்ட வேண்டாம் என்று மகளும் என்னோடு சேர்ந்துகொண்டாள். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓட்டிப் பார்த்தீர்கள். அப்புறம் ஒருநாள் கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, வலது கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னீர்கள். நான் மாற்றி மாற்றித் தொட்டேன். ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னீர்கள்.

கண்ணைத் திறந்து, "எல்லாஞ் சரியாத்தான இருக்குது. அப்பறம் ஏம்புள்ள வாசம் வருது?" என்று கேட்டீர்கள்.

எனக்கென்ன தெரியும், எதற்கு வம்பு, விட்டுவிடுங்கள் என்றேன். மறுநாள் சாவியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினீர்கள். அதற்குப் பிறகு அடுத்தவர் வண்டியில் மிளகு மூட்டையோடு போகும்போதெல்லாம், ஒவ்வொரு வளைவுக்கும் உங்கள் வலது கால் தரையை அழுத்தும். நான் அதைப் பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொள்வேன். அந்தக் காலையே சந்தேகப்பட்டுக்கொண்டு கொஞ்ச காலம் இருந்தீர்கள். பிறகு ஒரு விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

வண்டியை இனித் தானே ஓட்டுவதாக மகள் சொல்கிறாள். நேற்றுத் தார்ப்பாயை எடுத்து, கிளப்பிப் பார்த்தால் நகரவில்லை. டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ஹேண்ட் பிரேக் லீவர் மேலே நின்றது. நீங்கள் சாவியை மாட்டியதற்கு முந்தைய ராத்திரி நான் இழுத்ததை அதற்குப் பிறகு இறக்கவே இல்லை. மகள் இறக்கினாள். அப்படியும் இடது பின் சக்கரம் அசையவில்லை. அவர் அடியில் படுத்து அந்தக் கம்பியை உருவினார்.

"ஏனுங்கக்கா, கம்பி உறைக்குள்ளயே துருப்பிடிச்சுப் போச்சுங்க. லீவர் இறங்கும், கம்பி இறங்காது. சக்கரம் பிடிச்சபடியே ஓடும். ஓடி அதிர்ந்தா தானா விட்டுரும். இந்த ஈரத்துல தெனமும் இழுத்துப் போட்டா நொம்ப நாள் தாங்காதுங்க. அதுக்குத்தான மலையில எல்லாருங் கல்லு வெக்கறது" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் பிடித்த கம்பி அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் விட்டிருக்கிறது. ஜாக்கியில் ஏற்றியபோது எல்லாம் சரியாக இருந்திருக்கிறது.

மகள் லீவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "போடவே மாட்டேன்னு சொல்லுவாரு. கடசீல அப்பா மறந்து மறந்து போட்டிருக்காரு பாரும்மா" என்றாள்.

கால் போயிற்று என்றோம். இப்போது நினைவும் போயிற்று என்று ஆகப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அதுவும் உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும். ஒரு நிமிடம் அப்படி நிற்கவும் நின்றேன், அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

"உங்கப்பா இல்ல கண்ணு. நாந்தான்" என்றேன்.

ராத்திரி சோறு போடும்போது அவள், தானும் சேர்ந்துதானே அவரை ஓட்டக் கூடாதென்று சொன்னது என்று அழுதாள். அவளுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். புதுக் கம்பி மாட்டியாயிற்று. உங்கள் கல்லை அவளே தேடி எடுத்துச் சக்கரத்துக்கு வைத்தாள். நான் பயந்துகொண்டுதான் படுத்தேன். ஆனால் எழுந்து போகவில்லை.

நாளைக்கு அவள் அடிவாரம் வரைக்கும் ஓட்டிப் பார்க்கப் போகிறாள். நானும் ஏறுகிறேன். பட்டறை வாசலில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குச் சிரித்தவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் சரி, இந்தக் கம்பியை அவர்கள் முன்னால் போட்டுவிட்டுச் சொல்வேன்: அவரு காலுக்கு ஒண்ணுமில்லீங்க, வண்டியில பட்டது எங் கையிங்க.