இன்னும் காயாத மூக்கு

மச்சான்,

இன்று மத்தியானம் மார்சிலிங்கில் நல்ல மழை. ஜன்னலைச் சாத்திவிட்டு அலமாரியிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். ரெசின் வாசனை வந்தது. ஆனால் முன்போலத் தலையைச் சுற்ற வைக்கவில்லை. எண்ணெய்த்தாள் மேல் நீ வார்த்த விமான மூக்கு அப்படியே கிடக்கிறது, கட்டைவிரல் பருமனில். அதைக் கையில் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீ சிங்கப்பூர் விமானப்படைத் தளத்தில் நிஜ ஹண்டர் போர் விமானங்களுக்குக் கிரீஸ் போடுகிறவன். நான் சிராங்கூன் சாலையில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக பூன் லேயில் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். கடையில் வாங்கிய ஹண்டர் மாடலின் பெட்டியைப் பிரித்த அன்று, அதன் பிளாஸ்டிக் மூக்கைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாய். "இது நம்ம ஹண்டர் இல்ல மச்சான். எலி மூஞ்சி," என்றாய். அதைச் சரிசெய்ய இங்கிலாந்தில் யாரோ ரெசினில் மாற்று மூக்கு செய்து விற்கிறார் என்று தபாலில் வரவழைத்தோம். அதையும் தடவிப் பார்த்தாய். "இவனும் கிட்டப் போய்ப் பாக்கல லா," என்று தள்ளி வைத்தாய்.

கடைசியில் நீயே இறங்கினாய். பிளாஸ்டிக் மூக்கின் மேல் புட்டிச் சாந்து பூசி, தேய்த்து, தடவி, மறுபடி தேய்த்து, எத்தனை ஞாயிற்றுக்கிழமை போயிற்றோ. பிறகு அதற்கு ரப்பரில் அச்சு எடுத்தாய். ரெசினில், அது இறுகுவதற்கான ஹார்டனரைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டுக்கொண்டிருந்தபோது, நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவி வந்து சாப்பாடு போடவா என்று கேட்டாள். நீ அவளுக்குப் பதில் சொன்னாய், சொட்டுக் கணக்கை மறந்தாய். மூக்கு வடிவம் அத்தனை அழகாக வந்தது, ஆனால் காயாமல் மேலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. விரல் படக்கூடாது என்று ஊசியால் குத்தித்தான் வெளியே எடுத்தாய். தூக்கிப் போட மனமில்லாமல் நான் டின்னில் வாங்கிக்கொண்டேன்.

"வச்சிரு மச்சான், காயும். காயாம எங்க போவுது," என்றாய்.

அடுத்த வாரம் பழைய மூக்கை அறுக்கும்போது ரம்பம் வழுக்கி உன் வலது கட்டைவிரலைக் குறுக்கே கிழித்தது. தையல் பிரித்த பிறகும் ஒரு கோடு நின்றுவிட்டது. அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தாய். அந்தத் தழும்பு சிவப்பு மாறுவதற்குள், ஒரு காலை வேலைக்குக் கிளம்பியவன் லிஃப்டிலேயே சாய்ந்துவிட்டாய். விரல் கிழிந்த பிறகு என் வீட்டுக்கு நீ வந்ததே இல்லை.

வருஷத் திதிக்கு உன் படத்தின் பக்கத்தில் அந்த ஹண்டரை வைக்க வேண்டும், முடித்துத் தாருங்கள் என்று தங்கச்சி கேட்டாள். உன் அச்சிலேயே புதிதாக ஒரு மூக்கு வார்த்தேன். சொட்டுகளை வாய்விட்டு எண்ணினேன். கல் மாதிரி இறுகியது. ஒட்டி, சாயம் அடித்துக் கொண்டுபோனேன். தங்கச்சி அதை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள்.

"காஞ்சிருச்சாண்ணே? கனவுல வந்து அதையே கேக்குறாரு," என்றாள்.

நன்றாகக் காய்ந்துவிட்டது என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"இது இல்லையாம்."

டின்னைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. நீ சொல்லியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால், மூக்கின் பக்கவாட்டில் ஒரு கட்டைவிரல் ரேகை. அதன் குறுக்கே ஒரு கோடு. உன் விரல் கிழிவதற்கு முன்பே என் அலமாரிக்கு வந்துவிட்ட டின், மச்சான். ஜெபமாலையைத் தேடி எடுத்தேன். மூக்கைத் தூக்கி எறிந்துவிடலாமா என்று பல நாள் நினைத்தேன், கை வரவில்லை.

அதன் பிறகு தங்கச்சி அடிக்கடி போன் பண்ணுவாள். வந்தாரு, கேட்டாரு என்பாள். இன்னும் காயவில்லை என்று சொல் என்பேன். ஊர் நிலவரம் பேசுவது போலத்தான் பேசிக்கொள்வோம். ஆனால் இந்த வருடம் அவள் அதிகம் கூப்பிடவில்லை.

அதனால்தான் இன்று திறந்தேன். உன் ரேகையைத் தொடாமல் ஓரத்தில் மட்டும் விரலை வைத்தேன். ஒட்டவில்லை. நகத்தால் தட்டினேன், டக் என்று சத்தம் கேட்டது. முன்பெல்லாம் நீ வருவது பயமாக இருந்தது. இப்போது ரேகை இருக்கும் இடம் மட்டும்தான் மச்சான் ஈரமாக இருக்கிறது. அதுவும் காய்ந்துவிடாமல், காற்றுப் புகாதபடி மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டேன். தங்கச்சியிடம் இன்னும் காயவில்லை என்றே சொல்லப்போகிறேன். நீ வந்து கேள்.