படியேறும் வாயு

மகாராணியின் சமூகத்துக்கு அடியேனின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? பிள்ளைகள் சுகமா?

இங்கே என் வயிறு தனி ராஜ்ஜியம் அறிவித்துவிட்டது. விடுதிக் குழம்பு எண்ணெயில் கப்பலே விடலாம். அதை அரக்கப்பரக்க விழுங்கி, உடனே படுத்தால் செரிக்குமா? இஞ்சிச் சாறும் சீரகத் தண்ணீரும் குடித்து, தெருவையே எழுப்பிய ஏப்பத்தை அடக்கிவிட்டேன். ஒரு வாயு மட்டும் அடங்கவில்லை. மாடி ஏறினால் நெஞ்சில் ஆட்டுக்கல்லை ஏற்றி வைக்கிறது. படியில் நின்று ஓமம் மென்றால் இறங்கிவிடும். ஓமத்துக்குக் கோயில் கட்டாத குறை!

கூட வேலை செய்யும் வெல்டர்தான் கெடுத்தான். "மாமா, ஓமம் போடாம சும்மா நின்னு பாருங்க."

நின்றேன். அப்போதும் வலி போனது.

"அப்ப ஓமம் இல்ல மாமா, நிக்கிறதுதான் கேக்குது. இது வயிறே இல்ல." எதற்கும் சிரிக்கிறவன், சிரிக்கவில்லை.

இன்று காலை படி ஏறாமலே, பல் துலக்கும்போதே வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போகிறான். பேசினால் குரல் காட்டிக்கொடுக்கும் என்றுதான் எழுதி, படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புகிறேன். என் அப்பா எந்த வயதில் போனார் என்று அம்மாவிடம் நைசாகக் கேட்டுச் சொல், டாக்டர் கேட்பாராம்.

கீழே ஹாரன் அடிக்கிறான். போனைக் கையிலேயே வைத்திரு. தெரியாத நம்பராக இருந்தாலும் எடு.