மூன்றாவது சன்னல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் ஆண்டவர் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீ அந்த மலைக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் சுகமாக இருக்க வேண்டும். நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாறை சரிந்து சுரங்கத்தின் பழைய வாய் மூடிப்போனதாம், யாருக்கும் அடியில்லையாம், இன்னொரு பக்கம் வெடி வைத்துப் புதிதாகக் குடையப் போகிறீர்களாம், வீட்டில் குழாய் அடைத்துக்கொண்ட மாதிரி சிரித்துக்கொண்டே சொல்கிறாய். வாசலில் புனித பார்பரா சுரூபத்தை நிறுத்தாமல் ஒருத்தரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள், சுரூபம் செய்கிற அப்பா இருக்கும்போது வெளியில் எதற்குக் கேட்க வேண்டும் என்று உங்கள் மேஸ்திரி சொன்னாராம். செய்ய ஆரம்பித்தேன். ஆனால் நீ கேட்கும்போதெல்லாம் வண்ணம் காயவில்லை, மழை, ஈரக்காற்று என்று சாக்குச் சொன்னேன். "என்னப்பா, கடல் தண்ணியையா பூசி வச்சிருக்கீங்க?" என்று நீ கேலி செய்தாய். வண்ணம் எப்போதோ காய்ந்துவிட்டது அம்மாடி. சுரூபம் வராதவரை நீ உள்ளே போகமாட்டாய், அவ்வளவுதான் என் கணக்கு.

பார்பரா கையில் ஒரு சாண் கோபுரம் இருக்கும், தெரியுமல்லவா. மகள்மேல் எவன் கண்ணும் படக்கூடாதென்று அவள் அப்பன் அவளை அதில்தான் பூட்டி வைத்தான். அவன் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, இரண்டு சன்னல் போதாது, பிதா சுதன் பரிசுத்த ஆவிக்கு மூன்று வேண்டும் என்று கொத்தனாரிடம் சொல்லி அவளே வைத்துக்கொண்டாள். அவள் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தது அந்தச் சன்னலால் தெரிந்துபோய் அவன் வாளோடு துரத்தியபோது பாறை பிளந்து அவளுக்கு வழிவிட்டதாம், அதனால்தான் பாறை குடைகிறவர்களுக்கு அவள் துணை. கடைசியில் அப்பன் கையாலேயே அவள் தலை விழுந்தது, அவன் தலையில் இடி விழுந்தது. எத்தனையோ பார்பராவுக்கு வண்ணம் தீட்டியிருக்கிறேன், எப்போதும் அந்தப் பெண்ணை நினைத்துத்தான் மனசு பதறும். இந்தத் தடவை அந்த அப்பனை நினைத்துப் பதறுகிறது. பூட்டு வாங்கப் போன அன்று அவனும் பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் போயிருப்பான். இரண்டு சன்னலைத் தீட்டிவிட்டு மூன்றாவதில் தூரிகை வைக்கக் கை வராமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "அவ அங்க கிளம்பி நிக்கிறா, நீங்க இங்க கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றாள். சுருக்கென்றது. இன்று தீட்டி முடித்துவிட்டேன்.

பயம் போய்விட்டதென்று நினைக்காதே. பழைய போர்வையில் சுற்றி, வைக்கோல் திணித்து அனுப்புகிறேன், சுரூபத்தின் மூக்கு பத்திரம். கோபுரத்தின் சன்னல்கள் சுரங்கத்துக்குள்ளே பார்க்கும்படி நிறுத்து, வெளியே நிற்கிறவர்களுக்கு எதற்கு. தலைக்கவசத்தின் வாரை மோவாய்க்குக் கீழே இறுக்கிக் கட்டு, அழகு பார்க்காதே. வெளியே வந்ததும் கை கழுவுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போன், மறக்கக் கூடாது. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும், பாறை உனக்கும் வழிவிடட்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா

பி.கு.: பெட்டியைப் பிரிக்கும்போது மூன்றாவது சன்னலைப் பார்த்துத் தொடு. அது மட்டும் நிஜமாகவே இன்னும் காயவில்லை.