மேட்டு நுனியில் சொன்ன பொய்

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தலில் பந்தி நடந்துகொண்டிருந்தபோது, அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டு, உன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். உன் பழைய மோட்டார் சைக்கிளின் வலது கைப்பிடி ரப்பர். ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். பெட்ரோலும் ஆயிலும் கலந்த நெடி இன்னும் லேசாக இருந்தது.

"உன் நெனப்பாத்தான் வச்சிக்கினு இருந்தாரு," என்றாள் அண்ணி. எனக்கு நம்பிக்கையில்லை.

வெளியே உன் கூட்டாளிகள் என் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி மோட்டார் சைக்கிளில் மேடு தாண்டப் போய் விழுந்தாளாம். எலும்பு ஒடிந்தவளை யாரும் கட்டிக்கொள்ள வராததால், அண்ணன் பெரிய மனது பண்ணி வேலைக்கு அனுப்பினானாம். ஊரெல்லாம் நீ சொல்லிவைத்த கதை. நீ இருந்தவரை மறுத்துப் பேச எனக்கு அலுப்பாக இருந்தது. இப்போது கேட்டுக்கொள்.

எழுபதுகளின் தொடக்கம். நான் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்து, பொன்னேரியில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்திருந்த நேரம். நைனா உயிரோடு இல்லை, வீட்டில் நீ வைத்ததுதான் சட்டம். நீயோ என்னைக் கேட்காமல் ஆரணி அரிசி வியாபாரி வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தாய். அந்த வீட்டில் மருமகள் வேலைக்குப் போகக் கூடாது.

கும்மிடிப்பூண்டிக்கு வெளியே தொழிற்சாலைகளுக்காக நிலத்தைச் சமன் செய்து போட்டிருந்தார்கள். கட்டடம் எதுவும் வரவில்லை. செம்மண் குவியல்கள் மட்டும் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் ஒர்க்‌ஷாப் நண்பர்களும் ஒரு குவியலுக்குத் தண்ணீர் ஊற்றி, திமிசால் இடித்துச் சரிவாக்கி, அதன் மேல் வண்டியைப் பறக்கவிடுவீர்கள். உன் வண்டியை நான் முன்பே வயல் பாதையில் ஓட்டியிருந்தேன். ஒரு ஞாயிறு உனக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது, நானும் தாண்டிப் பார்க்கிறேனே என்றேன்.

நீ சிரித்தாய். "தாண்டிக் காட்டு, காலேஜுக்குப் போ. நான் குறுக்க வரல. முடியலன்னா, ஆரணிக்காரங்க ஊட்டுக்கு சரின்னுட்டு வாய மூடிக்கினு போவணும்."

"இன்னாபா, தங்கச்சிய வச்சிப் பந்தயமா?" என்றார் உன் நண்பர் ஒருவர். நெட்டையாக இருப்பார்.

"எம்மெஸ்ஸி படிச்சவபா. கணக்குப் போட்டே தாண்டிடுவா."

பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாய். சீட்டில் உட்காராதே, கால்மிதியில் எழுந்து நில். முட்டியை மடக்கி டாங்கியை இடுக்கிக்கொள். முன் சக்கரத்தைப் பார்க்காதே, தூரத்துப் பனைமரத்தைப் பார். பின் சக்கரம் முதலில் தரையைத் தொட வேண்டும். எல்லாம் சரி. கடைசியாக ஒன்று சொன்னாய்: "மேட்டு நுனிக்கு வந்ததும் ஆக்சிலேட்டர மூடிடு. இல்லன்னா வண்டி உன்ன மல்லாத்திடும்."

உன் காக்கி பேண்ட்டைப் போட்டுக்கொண்டு, சொன்னபடியே செய்தேன். நுனியில் மூடினேன். முன் சக்கரம் கீழே சாய, வண்டி தலைகுப்புறக் கவிழ்ந்தது. இடது தோள்பட்டை எலும்பு ஒடிந்தது.

அம்மா அமாவாசையன்று திருவள்ளூர் போய்க் என் எலும்பு கூட வேண்டிக்கொண்டு கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தாள். நீ சாத்துக்குடி வாங்கிவந்தாய். கட்டுப் பிரித்ததும் ஆரணியிலிருந்து வருகிறார்கள் என்பதையும் அதோடு சேர்த்துச் சொன்னாய்.

அடுத்து வந்த ஒரு ஞாயிறு, கைக்கட்டோடு மறுபடி அந்த மேட்டுக்கு வந்தேன். எங்கே தவறினேன் என்று தெரிய வேண்டியிருந்தது. செம்மண் தூசி தாங்காமல் முந்தானையால் கண்ணையும் சேர்த்து முகத்தை மூடிக்கொண்டேன். பார்க்க முடியாததால்தான் சத்தம் காதில் விழுந்தது. நீ மேடேறுகிறாய், நுனி வருகிறது, என்ஜின் சத்தம் குறையவே இல்லை. அதே சீரில் மேலே போய், அதே சீரில் இறங்குகிறது. நெட்டையர் தாண்டியபோதும் அப்படியே. நுனியில் மூடியவள் நான் ஒருத்திதான்.

அன்று மாலை உன்னைக் கேட்டேன். நீ தட்டிலிருந்து நிமிரவில்லை. "ஆம்பள கைக்கு அது. பொம்பள கைக்கு மூடித்தான் ஆவணும்," என்றாய். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று விழுகிற வேகத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

கட்டுப் பிரித்த வார ஞாயிறு, மேட்டருகே நீ சாப்பிட்டுக் கைகழுவப் போன நேரத்தில் வண்டியை எடுத்தேன். தோள் விண்விண்ணென்றது. எழுந்து நின்றேன், பனைமரத்தைப் பார்த்தேன். நுனி வந்தபோது உடம்பு முழுவதும் மூடு, மூடு என்றது. மூடவில்லை. தரை விலகியது. பின் சக்கரம் தொட்டது, பிறகு முன் சக்கரம். முட்டி மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டது.

நெட்டையர்தான் முதலில் வாய் திறந்தார். "உன்னவிட மேலப் போயிட்டாபா."

"வண்டி நல்ல வண்டி," என்றாய் நீ. பிறகு என்னிடம், "உழுந்தவ உழுந்தவதான்."

"தாண்டணும்னுதான சொன்ன. எத்தினியாவது வாட்டின்னு சொன்னியா?"

"அது கரெக்டுபா," என்றார் நெட்டையர். அவர் முன்னால் உன்னால் வாக்கு மாற முடியவில்லை. மறு வாரம் வண்டியை விற்றாய்; இந்த ரப்பரை மட்டும் எப்போது கழற்றி வைத்தாய் என்று தெரியாது. ஆரணிக்காரர்களிடம், பெண்ணுக்கு எலும்பு கூடவே இல்லை, கை இனி விளங்காது என்று சொல்லி அனுப்பினாய். தோற்றதை மறைக்க என்னை ஊனமாக்கினாய். எனக்கு வேலை மிஞ்சியது; உனக்குக் கதை மிஞ்சியது.

ரப்பரோடு பந்தலுக்கு வந்தேன். நெட்டையர் இப்போது கூனிவிட்டார். அவர் இலைக்குப் பக்கத்தில் அதை வைத்துக் கேட்டேன்.

"அண்ணே, மேட்டு நுனியில மூடணுமா, புடிக்கணுமா?"

"புடிக்கணும்மா. எவன் மூடுவான்? மூடினா குப்புற அடிச்சிடும்."

"எங்கண்ணன் எனக்கு மூடச் சொன்னாரு."

அவர் கை இலையிலேயே நின்றது. சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். அண்ணி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐம்பதை நெருங்குகிறேன். கோணலாகக் கூடிய இடது தோளில் இன்றும் பை நிற்பதில்லை, வழுக்கி வழுக்கி விழும். ரப்பரை நான் எடுத்துவரவில்லை. அந்த இலை ஓரத்திலேயே விட்டுவந்தேன். நுனியில் கையை விடாமல் இருக்க எனக்கு அது தேவைப்பட்டதில்லை.