மீன் கொண்டு வந்தவங்க

பாரிஸ்
9.1.2025

அன்புள்ள காந்தா,

பதினோரு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். திட்டுவாய். திட்டி முடித்துவிட்டு மேலே படி. நீயும் உன் அக்கா தேவகியும் போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். ஆனால் அதற்காக மட்டும் இந்தக் கடிதம் இல்லை. கையால்தான் எழுத வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

மே மாதம் முதல் வாரம் தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக்குப் போகிறேன். அங்கே காட்டுக்குள் ஆசிரமம் மாதிரி ஓர் இடம். அயாஹுவாஸ்கா என்று ஒரு கொடியை இலைகளோடு காய்ச்சிக் கஷாயமாகக் கொடுக்கிறார்கள். குடித்தால், மனதில் புதைத்து வைத்ததெல்லாம் கண் முன்னால் வருமாம். மூன்று வருடமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் பொன்னேரி கல்யாண மண்டபம் வருகிறது. எந்த மண்டபம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போவதற்கு முன்னால் உடம்பைத் தயார் செய்ய வேண்டும். உப்பு, காரம், எண்ணெய், சர்க்கரை, காபி எதுவும் கூடாது. மனதையும் தயார் செய்ய வேண்டும். யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடம் மன்னிப்புக் கேட்டு, அவர் கைப்பட ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறார் எங்கள் வழிகாட்டி. இல்லாவிட்டால் கஷாயம் குடித்ததும் அந்த ஆளே எதிரில் வந்து நிற்பாராம். போன வருடம் ஒருவர் அப்படிப் பார்த்துவிட்டு விடியும்வரை கத்தினாராம்.

தேவகியிடம் ஒரே ஒரு வரி எழுதச் சொல். உன்னால்தான் முடியும்.

உன் மாமா,
முத்துராஜ்


பழவேற்காடு
27.1.2025

மாமாவுக்கு உங்கள் மச்சினிச்சி காந்தா எழுதுவது. இங்கே நான், அக்கா, பூனை மூன்று பேரும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை நான் கேட்கவில்லை. அக்கா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

உங்கள் கஷாயத்தின் பெயர் என் வாயில் நுழையவில்லை. பஜாரில் கௌஸ் மைதீன் பாய் கடைக்குக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். அவர் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, குடிச்சதும் எல்லாரும் வாந்தி எடுப்பாங்களாம், ஆளுக்கு ஒரு பக்கெட் குடுப்பாங்களாம்" என்றார். நாங்கள் அதற்கு ஆயா கஷாயம் என்று பெயர் வைத்துவிட்டோம்.

வாந்தி எடுக்கவா மாமா அவ்வளவு தூரம் ஏரோப்ளேனில் போகிறீர்கள்? புது மாப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் நைனா உங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனாரே, மறந்துபோச்சா? முகத்துவாரம் தாண்டுவதற்குள் நீங்கள் எடுத்த வாந்தியைப் பார்த்து, வலையைக்கூட இறக்காமல் திரும்பி வந்தார். அன்றைக்கு உங்களுக்குப் பக்கெட் கூடத் தேவைப்படவில்லை. இத்தனை பெரிய கடல் இருந்தது.

உப்பை விடச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் நான் சிரித்த சிரிப்பில் பூனை எழுந்து ஓடிவிட்டது. நீங்கள் சோற்றில் உப்புப் போட்டுத் தின்பதை நிறுத்திப் பதினோரு வருடம் ஆகிறதே, அவர்களிடம் சொல்லவில்லையா? பழகின ஆள் என்று முன் வரிசையில் உட்கார வைப்பார்களே.

நேற்று எங்கள் வீட்டில் வெள்ளை இறால் தொக்கு. இன்றைக்கு நண்டுக் குழம்பு, மிளகு தூக்கலாக. உங்களை நினைத்துக்கொண்டு சட்டியை வழித்துச் சாப்பிட்டேன். நாளைக்கு என்ன என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

மண்டபம் கண்ணில் வருகிறது என்கிறீர்களே, எனக்கும் வருகிறது. எனக்குத் தூக்கம் மட்டும் கெடவில்லை, அதைச் செய்தது நான் இல்லையே. உங்கள் கம்பெனி மேனேஜர் வீட்டுக் கல்யாணம். பரிசுப் பொட்டலத்தை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனீர்கள். மாமா வெறுங்கையோடு நிற்பாரே என்று அக்கா, சந்தையிலிருந்து வந்தவள் கூடையைக்கூட இறக்காமல், என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். இடுப்பில் கூடை, கையில் ஜிகினாக் காகிதம் சுற்றின பொட்டலம். பக்கத்தில் நின்றவர், "யாரு சார் இவங்க" என்றார். "மீன் கொண்டு வந்தவங்க" என்றீர்கள். அதோடு விட்டீர்களா? அக்காவின் முகத்தைப் பார்த்து, "சமையல்கட்டு பின்னாடி இருக்கு, அப்படிப் போங்கம்மா" என்றீர்கள்.

அக்கா போனாள். பொட்டலத்தைச் சமையல்கட்டில் ஓர் ஓரமாக வைத்துவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள்: "கட்டின நாள்லேர்ந்து வாடி போடினு கூப்ட்டவரு, இன்னிக்குத்தாண்டி எனக்கு மரியாதை குடுத்தாரு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அடுத்த மாதம் நீங்கள் பாரிஸ் போனீர்கள். அவளைக் கூப்பிடவே இல்லை.

உங்கள் கடிதத்தை அக்கா படித்தாள். "ம்" என்றாள். மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறாள். நான் சொன்னால் எழுதுவாள். நான் சொல்ல மாட்டேன்.

மாமாவை மறக்காத,
காந்தா


பாரிஸ்
14.2.2025

அன்புள்ள காந்தா,

உனக்கு உரிமை இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய். சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதாதே. காலையில் உப்பில்லாத கஞ்சி, ராத்திரி அவித்த பூசணிக்காய். வேலைக்குப் போகிற வழியில் ஒரு மீன் கடை இருக்கிறது. உன் கடிதம் வந்த பிறகு நான் வேறு தெருவில் போகிறேன்.

கண்டிப்பாகக் கூடாதவற்றில் முதலில் இருப்பது எது தெரியுமா? கருவாடு. உப்புப் போட்டுக் காய வைத்த மீன் எதுவும் அந்தக் கஷாயத்தோடு சேரக்கூடாதாம். ரத்தக் கொதிப்பு ஏறி உயிரே போகலாமாம். அதைக் கேட்டபோது எனக்கு தேவகியின் கைதான் ஞாபகம் வந்தது. அந்த வாசனைக்காகத்தானே அவளைத் தள்ளி நிறுத்தினேன். குளித்துவிட்டு வந்தால்தான் கட்டிலில் உட்காரலாம் என்று சந்தன சோப்பு வாங்கிக் கொடுத்தேன். இன்று அந்த வாசனை ஒரு தடவை கிடைக்காதா என்று ஏங்குகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் பழைய ஆள் இல்லை.

தூக்க மாத்திரையையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வரி போதும் காந்தா. அவள் திட்டி எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

உன் மாமா,
முத்துராஜ்


பழவேற்காடு
8.3.2025

மாமாவுக்கு காந்தா எழுதுவது.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். அக்கா எழுதிவிட்டாள்.

நான் சொல்லி எழுதவில்லை. நேற்று மீனை உலர்த்திவிட்டு வந்து, "பேனா குடுடி" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. "அந்தாளு தூங்கலைன்னா நீ இன்னாத்துக்குத் தாலாட்டு பாடுற" என்று கத்தினேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "தூங்கட்டும் விடு. பதினோரு வருசமா அந்தாளையும் கூடையில வெச்சு சொமந்துக்கினு தெருத்தெருவா போறேன். எறக்கிட்டா எனக்கும் கொஞ்சம் லேசாவும்."

உட்கார்ந்து எழுதினாள். ஐந்தாவதோடு நின்ற கை, ஒவ்வொரு எழுத்தாக வைத்தது. எழுதி முடித்ததும் என் கையைத் தன் தலைமேல் வைத்து, "இத்த அவருகிட்ட சேத்துருவியா" என்று கேட்டாள். சேர்த்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். உங்களுக்கு நான் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்வேன் மாமா, அவள் தலையில் கை வைத்துச் சொல்ல மாட்டேன். அது வர வேண்டிய வழியில் உங்களிடம் வந்து சேரும்.

இன்னொரு சமாச்சாரம். வாசனைக்கு ஏங்குகிறேன் என்று நீங்கள் எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்து போய், நல்ல மடவை மீனாகப் பொறுக்கிக் கீறி, உப்பு வைத்துக் காய வைத்தாள். உங்களுக்காக. கௌஸ் மைதீன் பாய் பெருநாளுக்குத் தன் மகள் ரிஃபா வீட்டுக்கு பாரிஸ் வருகிறார். அவர் கையில் பார்சல் கொடுத்து அனுப்புகிறேன்.

பயப்படாதீர்கள். தின்னச் சொல்லவில்லை. தின்றுவிட்டு நீங்கள் செத்து வைத்தால் பழி எங்கள் தலையில் விழும். நீங்களே பிரியுங்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வெளியே வையுங்கள். அடி வரைக்கும் கையை விடுங்கள். ஏக்கம் தீர மோந்து பாருங்கள். அப்புறம் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடுங்கள்.

இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள் மாமா. உங்களிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

காந்தா

இன்றைக்கு எங்கள் வீட்டில் சென்னாக்குனிப் பொடி இறால் வறுவல். சொல்லாமல் இருக்க முடியவில்லை.


பாரிஸ்
24.3.2025

அன்புள்ள காந்தா,

கௌஸ் பாய் என் வீட்டு வாசலுக்கே வந்து பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று மாலை நான் அனுபவித்ததை எழுத்தில் சொல்ல முடியாது. கதவைச் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து பிரித்தேன். நீ சொன்னபடியே ஒவ்வொரு மீனாகக் கையில் எடுத்தேன். அடி வரைக்கும் கையை விட்டேன். அந்த வாசனை என் மூச்சுக்குள் போனதும் பழவேற்காடு ஏரி, படகு, தேவகி எல்லாம் வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் நெஞ்சோடு வைத்து மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு முழுவதும் கையைக் கழுவவில்லை. மறுநாள் மேல் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணக் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். ரொம்ப ருசி என்றார்கள்.

வழிகாட்டியிடம் சொன்னேன். என் மனம் பாதிக்கு மேல் தயாராகிவிட்டது என்றார்.

மீதிப் பாதி தேவகியின் வார்த்தை. அவள் எழுதியது இன்னும் என்னிடம் வரவில்லை. தினமும் தபால் பெட்டியைப் பார்க்கிறேன். வழியில் தொலைந்துவிட்டதோ என்னவோ. இன்னொரு தடவை அந்த ஒரு வரியை எழுதி வாங்கி அனுப்பு. மே 3 ராத்திரி எனக்கு விமானம்.

உன் மாமா,
முத்துராஜ்


பழவேற்காடு
16.4.2025

மதிப்புக்குரிய முத்துராஜ் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது.

நேற்றிலிருந்து கடலில் விசைப்படகுகளுக்குத் தடை. சந்தையில் ஏரி மீன் மட்டும்தான். அக்காவும் நானும் சீக்கிரமே விற்றுவிட்டு வந்து உட்கார்ந்தோம். தங்கள் கடிதத்தை அவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு மீனாகக் கையில் எடுத்தீர்கள் என்று படித்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடி வரைக்கும் கையை விட்டேன் என்ற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் ஒரு நிமிடம் நம்பினேன் ஐயா. வாயால் சபித்தாலும் எனக்குள்ளும் ஒரு நப்பாசை இருந்திருக்கிறது போல.

அப்புறம் அந்த வரி வந்தது. அவள் எழுதியது இன்னும் வரவில்லை என்று.

அக்கா எழுதிய காகிதத்தைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒட்டி, பார்சலுக்கு அடியில் வைத்தவள் நான்தான். அதற்கு மேலேதான் மடவையை அடுக்கினேன். கவருக்கும் தங்கள் கைக்கும் நடுவில் பத்து மீன். சேர்த்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன், தங்கள் வாசலில் கொண்டு வந்து சேர்த்தேன். எந்த வாசனைக்காக அவளைத் தள்ளினீர்களோ, அதற்குள் கையை விட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். எடுத்திருந்தால் நான் தோற்றிருப்பேன். தோற்கத் தயாராகத்தான் இருந்தேன்.

ஊருக்குத் திரும்பிய பாயிடம் கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றார். பிறகு சொன்னார்: "ரெண்டு விரல்ல புடிச்சாரும்மா. பேன்ட்ல படாம தள்ளிப் புடிச்சுக்கினு, நான் படி எறங்கறதுக்குள்ள குப்பைத் தொட்டி பக்கம் நடந்தாரு."

அந்தக் காகிதத்தில் அக்கா என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியும். நான் படித்துவிட்டுத்தான் ஒட்டினேன். ஒரு வரி இல்லை, நாலு வரி. தாங்கள் சாகிற வரைக்கும் அதை நான் தங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

"இன்னொரு தடவ எழுதுறியா" என்று அக்காவைக் கேட்டேன். நான் கேட்கவில்லை என்று நாளைக்குப் பழி வரக்கூடாது பாருங்கள். அவள் கோபப்படவில்லை. "நான் குடுத்துட்டேன். அவரு போட்டுட்டாரு. இன்னா பண்ணச் சொல்ற" என்றாள். பிறகு எழுந்து போய், அரிசி டின்னுக்கு அடியில் இருந்த தங்கள் முதல் கடிதத்தை எடுத்து அடுப்பு பற்ற வைத்தாள். இன்றைக்கு எங்கள் வீட்டில் மடவைக் கருவாட்டுக் குழம்பு. தங்களுக்கு அனுப்பினது போக மிச்சம் இருந்தது. உப்பு சரியாக இருந்தது.

அவளுக்குக் கூடை லேசாகிவிட்டது ஐயா. நடையைப் பார்த்தாலே தெரிகிறது. இனிமேல் அதைத் தாங்கள்தான் சுமக்க வேண்டும்.

விமானத்தை விட்டுவிடாதீர்கள். கஞ்சியும் பூசணிக்காயும் தின்று உடம்பைத் தயார் செய்துவிட்டீர்கள், வீணாகப் போகக்கூடாது. சமாதானம் ஆகாத ஆள் எதிரில் வந்து நிற்பார் என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள். அக்கா வருவாள். இடுப்பில் கூடையோடு, கையில் ஜிகினாக் காகிதம் சுற்றின பொட்டலத்தோடு நிற்பாள். பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர், யாரு சார் இவங்க என்று கேட்பார். என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.

எங்களுக்கு இனிமேல் எழுத வேண்டாம். எழுதினால் முன் வாசலில் வாங்க மாட்டோம். சமையல்கட்டு பின்னாடி இருக்கு, அப்படிப் போங்கய்யா.

இப்படிக்கு,
மீன் கொண்டு வந்தவங்களின் தங்கச்சி