சந்தனம் அடைத்த கம்ப்யூட்டர்

வியாழன், இரவு பதினொன்றரை.

இவ்வளவு நேரம் கழித்து எழுத வந்ததற்கு மன்னித்துக்கொள், நோட்டே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

பழைய கம்ப்யூட்டர் நேற்றுவரை ஒரு பக்கம் திறக்கவே பத்து நிமிடம் எடுத்தது. திங்களுக்குள் சரியாகாவிட்டால் என் டைப்பிங் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். இன்று வண்டிப்பெரியார் டவுனில் ரிப்பேர் கடையில் அதைத் திறந்து பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, சரஸ்வதி பூஜைக்குச் சந்தனத்த இப்படியா அப்புவீங்க? காத்து போற ஓட்டையெல்லாம் அடைச்சுக் கெடக்கு. சூடானா மெதுவாத்தான் ஓடும்."

அப்பியது நான்தான். துடைத்துக் கொடுத்தார். இப்போது கொஞ்சம் வேகம் இருக்கிறது, ஆனால் இது போதுமா என்று தெரியவில்லை. புது டிஸ்க் போட்டால் பறக்குமாம். அதற்குப் பாப்பாவுக்கு ஸ்வெட்டர் வாங்க வைத்திருக்கும் காசைத்தான் எடுக்க வேண்டும்.

மூணாறு ஹோட்டலில் வேலையில் இருக்கும் வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்: "என்னங்க, டிஸ்க் போடவா, வேணாமா? நான் காலையில கடைக்குப் போறதுக்கு முன்னாடி பதில் சொல்லிருங்க."